படத்துக்குக் கீழே எழுதும் கை

வெள்ளை உடை அணிந்த ஒரு கறுப்பினப் பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். ஒரு கையில் உலோகக் கூஜா, மறு கையில் பிளாஸ்டிக் கேன். இரண்டையும் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டுகிறார். முகம் தெரியவில்லை. கீழே பெரிய எழுத்தில் மூன்று வரி: 'ஆற்றோரம் அவன் மறைந்துபோனதை அவள் பார்த்தாள். என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார்கள். கேட்டதெல்லாம் அவள் நினைவைத் தள்ளுபடி செய்யத்தான்.'

புரூக்ளினில் பிறந்த லோர்னா சிம்ப்சன் 1986இல் செய்த 'தண்ணீர் சுமப்பவள்' என்ற படைப்பு இது. ஆறு எது, அவன் யார், விசாரித்தவர்கள் போலீசா, குடும்பத்தாரா, ஊராரா என்று எதுவும் சொல்லப்படவில்லை. படத்தில் ஆறே இல்லை. ஆனாலும் அந்த வரிகளைப் படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தால் திரும்பி நிற்கும் அந்த முதுகு வேறு மாதிரி தெரிகிறது. சொல்லிப் பார்த்தாயிற்று, நம்பவில்லை, இனி உங்களுக்கு எதற்கு முகம் காட்ட வேண்டும் என்று நிற்பதுபோல.

புகைப்படம் பொய் சொல்லாது என்று உலகம் நம்பிய காலம் நீண்டது. பெண் வாய்திறந்து சொன்னால் அதற்கு அந்த மதிப்பு கிடைத்ததில்லை. சிம்ப்சன் இந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். படம் எந்தச் சாட்சியும் சொல்லாமல் முகத்தை மறைத்துக்கொள்கிறது. சாட்சி சொல்லும் வேலை எழுத்துக்கு வந்துவிடுகிறது.

1970களிலிருந்து பெண் கலைஞர்கள் பலர் புகைப்படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் படைப்புகள் செய்துவருகிறார்கள். இவற்றைப் பற்றிப் பேசும்போது 'படமும் முழக்கமும்' என்று எளிதாகச் சொல்லிவிடுவது வழக்கம். போராட்டச் சுவரொட்டியின் பெரிய அண்ணன் போல. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. இந்தப் படைப்புகளின் சண்டை படத்துக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன இடத்துக்காக, அதாவது படக்குறிப்புக்காக, நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தில் யார் எழுதுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் படத்தின் பொருள் ஆகிறது. பெண் பார்க்கக் கொடுத்தனுப்பும் படத்தோடு உயரம், நிறம், நட்சத்திரம், படிப்பு என்று ஒரு தாள் போகுமே, அதில் அந்தப் பெண்ணின் கையெழுத்து இருக்காது. விளம்பரம், போலீஸ் கோப்பு, மருத்துவமனை அட்டை, மானுடவியல் ஆல்பம், வார இதழ் அட்டை எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தன. படத்தில் இருப்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர்.

இந்த விஷயத்தை உள்ளே இருந்து தெரிந்துகொண்டவர் பார்பரா குரூகர். 1945இல் அமெரிக்காவின் நியூவார்க்கில் பிறந்தவர். நியூயார்க்கின் பார்சன்ஸ் வடிவமைப்புப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார். புகைப்படக் கலைஞர் டயான் ஆர்பஸ் அங்கே அவருக்கு ஆசிரியர். அப்புறம் 'மேட்மசெல்' என்ற பெண்கள் பத்திரிகையில் பக்க வடிவமைப்பாளரானார். படத்தை எங்கே வெட்டுவது, தலைப்பை எந்த மூலையில் வைப்பது, வாசகியின் கண் முதலில் எங்கே போகும், எந்த வார்த்தை அவளுக்குத் தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக உணர்த்தும் என்பதெல்லாம் அங்கே தினசரி வேலை. அந்தக் கைத்தொழிலை அப்படியே எடுத்துக்கொண்டுதான் அவர் கலைக்கு வந்தார்.

பழைய பத்திரிகைகளிலும் கையேடுகளிலும் கிடைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், அவற்றின் மேல் பட்டையாக ஒட்டிய வாசகங்கள், தடித்த சாய்வான ஃபியூச்சுரா எழுத்துரு, பெரும்பாலும் சிவப்புப் பின்னணி. யார் எடுத்த படம் என்று தெரியாது. எழுத்தும் ஓவியர் கையெழுத்து மாதிரி இருக்காது, அச்சகத்தில் வந்த மாதிரி இருக்கும். 1981இல் செய்த ஒன்றில் பளிங்குச் சிலைப் பெண் தலை பக்கவாட்டில் தெரிகிறது. இடது ஓரத்தில் சொற்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன: 'உன் பார்வை என் முகத்தின் பக்கவாட்டில் அடிக்கிறது'. திரைப்படங்களில் கேமராவின் கண் ஆணின் கண்ணாகவே இயங்குகிறது என்று லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரை அந்தக் காலத்தில் பெண்ணியவாதிகளிடையே பரவலாகப் பேசப்பட்டது. அந்த நீளமான வாதத்தைக் குரூகர் ஒரு வரியில் வைத்துவிட்டார். அதிலும் 'அடிக்கிறது' என்று வைத்ததில்தான் விஷயம் இருக்கிறது. சிலையாக நிற்பவளுக்கு வலிக்கிறது என்று முதல் தடவையாக நமக்குத் தெரிகிறது.

அவருடைய வாசகங்களில் 'நான்', 'நீ', 'நாங்கள்' திரும்பத் திரும்ப வரும். யார் நான், யார் நீ என்று சொல்லமாட்டார். படிக்கும் ஆண் தன்னைத்தான் குற்றம்சாட்டுகிறார்களோ என்று நினைக்கலாம். படிக்கும் பெண் தானே பேசுவதாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே வரியின் முன்னால் இருவர் நின்று இரண்டு விதமாகச் சங்கடப்படலாம்.

1989இல் வந்ததுதான் அவருடைய மிகப் பிரபலமான படம்: 'உன் உடல் ஒரு போர்க்களம்'. நேராக நம்மைப் பார்க்கும் ஒரு பெண்முகம், நடுவில் செங்குத்தாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதி இயல்பாகவும் மறுபாதி நெகட்டிவாகவும் இருக்கிறது. கருக்கலைப்பு உரிமையை உறுதிசெய்த 1973ஆம் ஆண்டின் 'ரோ எதிர் வேட்' தீர்ப்புக்கு ஆபத்து வந்த நேரம் அது. ஏப்ரல் 9 அன்று வாஷிங்டனில் பெரும் பேரணி. ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பை அசைக்கக்கூடிய ஒரு வழக்கு விசாரணைக்கு வரவிருந்தது. நியூயார்க் சுவர்களில் ஒட்டப்பட்ட முதல் சுவரொட்டியில் பேரணி நாள், நீதிமன்றத் தேதி, வாருங்கள் என்ற அழைப்பு எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. இன்று லாஸ் ஏஞ்சலிஸின் பிராட் அருங்காட்சியகத்தில் இருக்கும் 112 அங்குலச் சதுர வடிவத்தில் அந்த விவரம் ஒன்றும் கிடையாது. முகமும் முழக்கமும் மட்டும்தான். அருங்காட்சியகத்துக்குள் நுழைவதற்கு முன் தேதியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தது போலிருக்கிறது. எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் பொருந்துகிற தன்மையும் அதற்கு அப்படித்தான் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1991இல் போலந்தில் கருக்கலைப்புக்குத் தடை வரும் பேச்சு சூடாக இருந்தபோது, அதே படம் போலிஷ் மொழியில் வார்சா தெருக்களுக்குப் போனது.

தெருவில் ஒரு படம் நின்றால் பதிலும் தெருவிலேயே வரும். 1990இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வெக்ஸ்னர் கலை மையம் இதைப் பெரிய விளம்பரப் பலகையாக வைத்தது. சில மணி நேரத்தில், கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் பக்கத்துப் பலகையில் எட்டு வாரக் கருவின் படத்தை ஏற்றினார்கள். குரூகர் சொன்ன போர்க்களம் என்ன என்பதை அவருக்கு எதிரானவர்களே வந்து விளக்கிவிட்ட மாதிரி ஆனது. வாசகம் ஒருவருடையது என்றாலும், பக்கத்தில் என்ன வரும் என்பது அவர் கையில் இல்லை. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பை ரத்து செய்தபோது, இந்தப் படத்துக்கு வயது 33. ஒரு வார்த்தைகூட மாற்றாமல் திரும்பவும் பேரணிகளுக்கு வந்தது.

குரூகரின் பாணிக்கு நேர்ந்த இன்னொரு கதை வேடிக்கையானது. 1994இல் நியூயார்க்கில் தொடங்கிய 'சுப்ரீம்' என்ற ஆடை நிறுவனம் சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளை ஃபியூச்சுரா எழுத்தைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டது. பொருள் வாங்கும் வெறியைக் கிண்டல் செய்த எழுத்து, வரிசையில் நின்று வாங்கும் டிசர்ட்டின் அடையாளமாகிவிட்டது. 2013இல், தன் சின்னத்தைக் கேலிசெய்து பனியன் விற்ற ஒரு பெண்ணின் சிறு நிறுவனத்தின் மேல் அதே சுப்ரீம் வழக்குப் போட்டது. கருத்துக் கேட்ட பத்திரிகைக்கு குரூகர் அனுப்பிய பதிலில், இந்தக் கோமாளிக் கூட்டம் முழுவதும் சேர்ந்து தன்மேலேயே காப்புரிமை வழக்குப் போடக் காத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். 2017இல் நியூயார்க்கில் நடந்த பெர்ஃபார்மா என்ற நிகழ்த்துகலை விழாவில் தானே ஒரு கடை திறந்து, தன் வாசகங்கள் பொறித்த ஸ்கேட்போர்டும் தொப்பியும் விற்றார்.

அவருடைய படைப்புகளில் 'வாங்குகிறேன், ஆகவே இருக்கிறேன்' என்பது மிகவும் பிரபலம், எனக்கு அதில் ஆர்வம் குறைவு. ஒரு நொடியில் புரிந்துவிடுகிறது, அப்புறம் அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பைகளில் அச்சிட வசதியாக இருந்ததும் அதனால்தான்.

அதே நியூயார்க்கில் 1985இல் தொடங்கிய 'கெரில்லா கேர்ள்ஸ்' குழுவையும் இங்கே சொல்லிவிட்டுப் போகலாம். கொரில்லா முகமூடி போட்ட பெண்கள், பெயர் சொல்லமாட்டார்கள். 1989இல் அவர்கள் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் போய் எண்ணினார்கள். நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணப் படங்களில் பெண்கள் 85 சதவீதம். இந்தக் கணக்கை, பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் வரைந்த நிர்வாணப் பெண்ணின் தலையில் கொரில்லா முகமூடி மாட்டிய படத்தோடு சேர்த்துப் பேருந்துகளில் ஒட்டினார்கள். 2012இல் திரும்ப எண்ணியபோது நிர்வாணப் படங்களில் பெண்களின் பங்கு 76 சதவீதமாகக் குறைந்திருந்தது, பெண் கலைஞர்களோ 4 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தார்கள். இவர்களிடம் படம் சாக்குத்தான், வேலை செய்வது எண்.

அமெரிக்கத் தெருவிலிருந்து லண்டன் மருத்துவமனைக்கு வருவோம். ஜோ ஸ்பென்ஸ் 1934இல் பிறந்தவர். ஹாம்ஸ்டெட் பகுதியில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்துக் கல்யாணப் படம், குழந்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். குடும்ப ஆல்பத்தில் எதெல்லாம் வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்பது அவருக்குத் தொழில்முறையாகவே தெரியும். நோய், சண்டை, வேலை, அழுகை எதுவும் அதில் வராது. 1979இல் தன் சொந்தப் படங்களையே எடுத்துப் பக்கத்தில் உண்மைகளை எழுதி அந்த ஆல்பத்தைப் பிரித்துப் போட்டார்.

1982இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய். வார்டில் படுத்திருக்கும்போது வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் இளம் மருத்துவர் வந்து, குனிந்து, இடது மார்புக்கு மேலே பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். இது எடுக்கப்படும் என்பதன் அடையாளம். ஸ்பென்ஸ் மறுத்தார். மார்பகத்தை முழுவதும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுக்கும் சிகிச்சையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பே அவரும் அவரோடு சேர்ந்து வேலை செய்த டெர்ரி டெனெட்டும் எடுத்திருந்த படம்தான் இன்று எல்லோருக்கும் தெரிந்தது: திறந்த மார்பு, அதன்மேல் பேனாவால் எழுதியிருக்கிறது, 'ஜோ ஸ்பென்ஸின் சொத்தா?'

கடைசியில் இருக்கும் அந்தக் கேள்விக்குறியை விட்டுவிட்டுப் படித்தால் அது வெறும் அறிவிப்பு, என் உடம்பு என் உரிமை என்ற வழக்கமான வரி. கேள்விக்குறி வந்ததும் குரல் தணிகிறது. மயக்க மருந்து ஏறிய பிறகு இது யாருடையது என்று அவருக்கே சந்தேகம். மருத்துவர் போடுகிற குறியும் எழுத்துத்தான், அவர் போட்டதும் எழுத்துத்தான், இரண்டும் ஒரே தோலின் மேல். இந்தப் பத்திகளில் வரும் படைப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். வடிவமைப்புக் கெட்டிக்காரத்தனம் எதுவும் இதில் கிடையாது. ஒரு பேனா, ஒரு கேமரா, நாளை என்ன ஆகும் என்ற பயம், அவ்வளவுதான்.

தோலின் மேல் எழுதுவது என்றதும் ஷிரின் நெஷாத் நினைவுக்கு வருவார். ஈரானின் கஸ்வினில் 1957இல் பிறந்தவர், பதினேழு வயதில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார், 1979இல் ஈரானில் இஸ்லாமியப் புரட்சி நடக்கும்போது அங்கேயே இருந்துவிட்டார். 1990இல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது நாடு ஆளே மாறியிருந்தது. அந்த அதிர்ச்சியில் பிறந்தது 1993 முதல் 1997 வரை செய்த 'அல்லாஹ்வின் பெண்கள்' வரிசை. கறுப்புச் சாதர் போர்த்திய பெண், பெரும்பாலும் நெஷாத்தே. கையில் துப்பாக்கி. முகம், கை, பாதம் என்று சட்டம் வெளியே தெரிய அனுமதித்த இடங்களில் மட்டும், அச்சிட்ட படத்தின்மேல் மையால் பாரசீக எழுத்து. 'கலகக்கார மௌனம்' என்ற 1994ஆம் ஆண்டுப் படத்தில் துப்பாக்கிக் குழல் முகத்தை நேர்பாதியாகப் பிரிக்கிறது, இரண்டு பாதியும் முழுக்க வரிகள்.

மேற்கத்திய அரங்குகளில் பார்த்த பலர் அவை குர்ஆன் வசனங்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அவை பெண் கவிஞர்களின் கவிதைகள். ஃபரோக் ஃபரக்ஸாத் தன் ஆசையையும் உடலையும் பற்றி வெளிப்படையாக எழுதி, 1967இல் 32 வயதில் கார் விபத்தில் இறந்துபோனவர். தாஹிரே ஸஃபர்ஸாதேவோ புரட்சியை ஆதரித்து எழுதியவர். இருவரும் எதிரெதிர் முனைகளில் நிற்பவர்கள். பாரசீகம் தெரிந்தவருக்கு ஒவ்வொரு படமும் தனி வாதம், தெரியாதவருக்கு எல்லாமே ஒரே அலங்காரம். இந்தப் படங்கள் மேற்கின் 'கீழைத்தேயப் பெண்' கற்பனைக்குத் தீனி போடுகின்றன என்று விமர்சனம் வந்தது. அதில் நியாயம் இல்லாமலில்லை. துப்பாக்கியும் முக்காடும் சேர்ந்தால் பத்திரிகை அட்டைக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் பெண் பேசுகிறாள், எழுத்து கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, பார்ப்பவரால் படிக்க முடியவில்லை என்ற அந்த நிலைமை படைப்புக்குள் தற்செயலாக வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. 'அடக்கப்பட்ட ஊமைப்பெண்' என்று ஒரு படத்துக்கு மனதுக்குள் குறிப்பு எழுதிக்கொண்ட பார்வையாளரின் கண்ணெதிரேதான் அவள் முகம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

நம் ஊர்ப் பக்கம் இந்தச் சண்டைக்கு நீண்ட பின்கதை உண்டு. 1868க்கும் 1875க்கும் இடையில் பிரிட்டிஷ் இந்திய அரசு 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது. 468 புகைப்படங்கள். ஒவ்வொன்றோடும் அந்தச் சாதியின், பழங்குடியின் குணம் என்ன, விசுவாசமானவர்களா, அடங்காதவர்களா என்ற குறிப்பு. 1857 கிளர்ச்சி முடிந்து பத்தே வருடம் ஆன நேரத்தில் ஆட்சியாளருக்கு இது பயன்படும் தகவல். அதே நூற்றாண்டின் கடைசியில் அந்தமானில் எம்.வி. போர்ட்மன் என்ற அதிகாரி அங்குள்ள மக்களைக் கட்டம்போட்ட பின்திரைக்கு முன் நிறுத்திப் படமெடுத்தார். உடம்பின் அளவுகளைப் படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் அந்தக் கட்டங்கள்.

பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என். இந்த ஆல்பங்களுக்குள் தானே ஏறி நின்றார். பரோடாவில் சிற்பம் படித்தவர், 1990களின் நடுவில் களிமண்ணை விட்டுவிட்டுத் தன் உடம்பையே பொருளாக்கிக்கொண்டவர். கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த வரிசைக்குத் தலைப்பு, 'தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்'. காலனிய ஆல்பத்தின் தலைப்பைப் போலவே காதில் விழும், அதுதான் குறும்பு. ரவி வர்மாவின் நிலவொளிப் பெண்ணாக உட்கார்ந்திருக்கிறார். லட்சுமியாக நிற்கிறார். கட்டம்போட்ட திரைக்கு முன் அளவெடுக்கப்படும் தோடர் பெண்ணாக நிற்கிறார். செய்தித்தாளில் வந்த போலீஸ் படத்தில் இருந்ததுபோல், பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு கைதான பெண்ணாக நிற்கிறார்.

தமிழ் வாசகர்களுக்கு அதில் ஒரு படம் உடனே பிடிபடும். 1970களின் தமிழ்ப்படக் காட்சி ஒன்றிலிருந்து, சாட்டையோடு நிற்கும் ஜெயலலிதா. புஷ்பமாலா அந்த வேடம் போட்டபோது ஜெயலலிதா திரும்பவும் முதலமைச்சர். 'தென்னிந்தியப் பெண் வகைகள்' என்ற பட்டியலில் மகாலட்சுமி, பழங்குடி, குற்றவாளி, முதலமைச்சர் எல்லோருக்கும் ஒரே நடிகை, ஒரே ஸ்டுடியோ, ஒரே மாதிரி அட்டை. இந்த ஆள் இந்த வகை என்று குறிப்புச் சொல்லிக்கொண்டே போக, எல்லாப் படத்திலும் அதே முகம் நம்மைப் பார்க்கிறது. நாலாவது படத்துக்குள் குறிப்பின்மேல் நம்பிக்கை போய்விடும். குரூகர் எழுத்தை மாற்றிக் குறிப்பை உடைத்தார் என்றால், புஷ்பமாலா அதை அப்படியே விட்டுவிட்டு, அது சொல்லும் வேடத்தையெல்லாம் தானே போட்டுக் காட்டிச் சிரிக்கவைத்தார். சிரித்து முடித்த பிறகு அந்தக் கட்டத்திரை மட்டும் கொஞ்சம் உறுத்தும். அதன்முன் முதலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு அது வேடம் இல்லை.

அந்த உறுத்தலுக்குள் நேராக இறங்கியவர் கேரி மே வீம்ஸ். 1953இல் ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லாண்டில் பிறந்தவர். 1990இல் செய்த 'சமையலறை மேசை' வரிசைதான் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. 20 படங்கள், 14 எழுத்துப் பலகைகள். மேலே ஒற்றை விளக்கு, கீழே மேசை, மேசைத் தலைமாட்டில் ஒரு பெண், வந்துபோகும் காதலன், மகள், தோழிகள். அந்தப் பெண்ணாக வீம்ஸே இருக்கிறார், எடுத்ததும் அவர் வீட்டில்தான். எழுத்து படத்தை விளக்காது. அது தன் பாட்டில் ஒரு காதல் கதையைக் கிண்டலும் பழமொழியுமாகச் சொல்லிக்கொண்டு போகும். படம் வேறெங்கோ இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் நாம் உட்கார்ந்து யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐந்து வருடம் கழித்து வந்தது 'இங்கிருந்து நடந்ததைப் பார்த்தேன், அழுதேன்'. ஆரம்பகாலப் புகைப்படங்களில் கறுப்பின மக்கள் என்ற பொருளில் லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகம் 1995இல் ஒரு கண்காட்சி வைத்து, அதற்கு எதிர்வினையாக ஒன்று செய்துதரும்படி வீம்ஸைக் கேட்டது. அவர் 33 படங்கள் எடுத்துக்கொண்டார், எல்லாம் மற்றவர்கள் எடுத்த பழைய படங்கள். முதலும் கடைசியும் நீலம், நடுவில் இருப்பவை ரத்தச் சிவப்பு. வட்டச் சட்டம், கேமரா லென்ஸ் வழியாகப் பார்ப்பதுபோல. மேலே மூடியிருக்கும் கண்ணாடியில் எழுத்து செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தைத் தாண்டாமல் முகத்தைப் பார்க்க முடியாது.

சிவப்பில் முதல் நான்கும் 1850இல் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் ஜோசப் ஸீலி எடுத்த டாகுரோடைப்புகள், அதாவது உலோகத் தகட்டில் பதிந்த ஆரம்பகாலப் புகைப்படங்கள். எடுக்கச் சொன்னவர் ஹார்வர்ட் பேராசிரியர் லூயி அகாசி. மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்று நிறுவ அவருக்குச் சான்று தேவைப்பட்டது. அடிமைப்படுத்தப்பட்ட ஆண்களையும் பெண்களையும் உடை களையவைத்து நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுத்தார்கள். 1976இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகப் பரணில் இவை கிடைத்தன. வீம்ஸ் கண்ணாடியில் எழுதியது: 'நீ ஓர் அறிவியல் பக்கத்தோற்றம் ஆனாய்', 'ஒரு நீக்ரோ இன மாதிரி', 'ஒரு மானுடவியல் விவாதம்', 'அப்புறம் புகைப்படத்துக்கு ஒரு பொருள்'. நான்கு படத்துக்கும் சேர்த்து ஒரே வாக்கியம். அகாசி எழுதியிருக்கக்கூடிய அதே சொற்கள்தான், ஆனால் இப்போது வாக்கியம் 'நீ' என்று தொடங்குகிறது. மாதிரிப்பொருளைப் பார்த்து யாரும் 'நீ' என்று பேசுவதில்லை.

ஹார்வர்ட் அனுமதி பெறாமல் படங்களைப் பயன்படுத்தியதற்காக வழக்குத் தொடர்வோம் என்றது. வீம்ஸ் பிறகு ஒரு நேர்காணலில் சொன்னதன் சாரம் இது: சட்டம் என் பக்கம் இல்லாமல் இருக்கலாம், அறம் என் பக்கம் இருக்கிறது, வழக்குப் போடுங்கள், நீதிமன்றத்தில் இதைப் பேசுவது நல்லதுதான். வழக்கு வரவில்லை. கடைசியில் ஹார்வர்டே அந்த வரிசையிலிருந்து படைப்புகளை வாங்கிக்கொண்டது.

இங்கே எனக்குத் தீராத ஒரு கேள்வி இருக்கிறது. கண்ணாடியில் என்ன எழுதினாலும் அந்தப் பெண்கள் உடையில்லாமல் மறுபடியும் சுவரில் மாட்டப்படுகிறார்கள். எழுத்து அவர்களைக் காப்பாற்றுகிறதா, இன்னொரு முறை காட்டுவதற்கு அனுமதிச்சீட்டு ஆகிறதா? அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ராஸ்லர் இந்தச் சிக்கலை முன்கூட்டியே பார்த்து, காட்டாமலே போனார். 1974-75இல் நியூயார்க்கின் பவரி தெருவில், குடித்து விழுந்துகிடப்பவர்களைப் படமெடுக்கப் பலரும் போகிற அந்த இடத்தில், ஆள் இல்லாத கடை வாசல்களை மட்டும் எடுத்தார். பக்கத்தில் குடிபோதைக்கான சொற்களைத் தட்டச்சு செய்து வைத்தார். தலைப்பிலேயே படமும் சொல்லும் 'போதாத' இரண்டு முறைகள் என்று ஒப்புக்கொண்டார். சிம்ப்சன் முதுகைத் திருப்பினார். வீம்ஸ் அப்படிச் செய்யவில்லை, பார்க்கவைத்தார். அந்தக் கோபமான சிவப்பு இல்லாமல் இருந்திருந்தால் அவர் செய்தது தவறு என்று சொல்லியிருப்பேன்.

ஸீலி எடுத்த அந்தத் தகடுகளோடு பழைய சீட்டுகளும் இருந்தன. அவற்றில் ஒன்றில் 'ரென்டி, காங்கோ', அப்புறம் எந்த முதலாளியின் பண்ணை என்பது. இன்னொன்றில் 'டேலியா, ரென்டியின் மகள்'. அகாசியின் ஆட்கள் வகைப்படுத்துவதற்காக எழுதிவைத்த குறிப்பு. கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த டமாரா லேனியர், தன் குடும்பத்தில் சொல்லப்பட்டுவந்த 'பாப்பா ரென்டி' இவர்தான் என்று சொல்லி, 2019இல் ஹார்வர்ட் மேல் வழக்குத் தொடர்ந்தார். படத்தில் இருப்பவருக்குப் படத்தின்மேல் சொத்துரிமை இல்லை, எடுத்தவருக்குத்தான் என்பது பழைய சட்டம். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2022இல் அதையே சொன்னது. அதே நேரம், தன் கோரிக்கையைப் பல்கலைக்கழகம் நடத்திய விதத்தால் ஏற்பட்ட மன வேதனைக்காக அவர் வழக்காடலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்தது. 2025 மே மாதம் சமரசம் ஆனது. ரென்டியும் டேலியாவும் உட்பட ஏழு பேரின் 15 டாகுரோடைப்புகளை ஹார்வர்ட் விட்டுக்கொடுத்தது. அவை தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இருக்கும் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போவதாக முடிவானது, எடுக்கப்பட்ட மாநிலத்துக்கே. லேனியர் ரென்டியின் வழிவந்தவர் என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை என்று ஹார்வர்ட் கடைசிவரை சொன்னது.